சொந்தப் பெயரா, புனைபெயரா: தோட்டப்புறச் சிற்றூரிலிருந்து எழுதுபவரின் கணக்கு

அரசியலையும் தன்பாலீர்ப்பு கொண்டோரின் அன்றாட வாழ்க்கையையும் ஒருசேர எழுத முற்படும் எவரும், என்ன எழுதுவது என்பதற்கு முன்பாகவே எந்தப் பெயரில் எழுதுவது என்பதை முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, ஒரு கடைத்தெருவும் ஒரு தமிழ்ப்பள்ளியும் ஒரு மாரியம்மன் கோயிலுமாக இருக்கும் சிற்றூரொன்றில் நான் வசிக்கிறேன். (ஊரின் பெயரை ஏன் சொல்லவில்லை என்பது போகப்போகத் தெரியும்.) எழுதத் தொடங்கிய முதல் ஆறு ஆண்டுகளில் அரசியலுக்குச் சொந்தப் பெயர், மற்றதற்குப் புனைபெயர் என்று இரண்டு பெயர்களை வைத்திருந்தேன். கடந்த நான்கு ஆண்டுகளாக இரண்டுக்கும் ஒரே புனைபெயர்தான். எல்லாவற்றையும் சொந்தப் பெயரில் எழுதும் வழியை நான் நடந்து பார்த்ததில்லை. கோலாலம்பூரில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் அப்படித்தான் எழுதுகிறார். அவரைப் பார்த்து அறிந்ததை வைத்தே அந்த வழியைப் பற்றி என்னால் சொல்ல முடியும்.

சொந்தப் பெயரின் நன்மையை நீட்டி விளக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் எல்லாருக்கும் மொட்டைக் கடுதாசி தெரியும்: தோட்டத்து எழுத்தரான கிராணியைப் பற்றி மானேஜருக்கும், தலைமையாசிரியரைப் பற்றிக் கல்வி இலாகாவுக்கும் போய்ச் சேரும் கையெழுத்தில்லாத காகிதம். அதை எல்லாரும் படிப்பார்கள், எழுதியவனை ஒருவரும் மதிக்க மாட்டார்கள். ஆகவே, தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டு, மூன்று தலைமுறையாகத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்த குடும்பங்கள் வீட்டுக்காக அலைந்தபோது, அதைப் பற்றி எழுதிய கட்டுரைகளில் என் பெயரைப் போட்டேன். அந்தக் கட்டுரைகளுக்கு அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

இரண்டு பெயர் வைத்துக்கொள்வது முதலில் புத்திசாலித்தனமாகத் தோன்றியது. அரசியல் வேறு, அந்தரங்கம் வேறு என்று வரம்பு கட்டிக்கொள்ளலாம் என்பது எண்ணம். ஆனால் இந்த நாட்டில் எங்களைப் பொறுத்தவரை அந்த வரம்பு என்றுமே நின்றதில்லை. 1998 செப்டம்பரில் அன்வார் இப்ராகிம் துணைப் பிரதமர் பதவியிலிருந்து நீக்கப்பட்டபோது நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவன். ஓரினப்புணர்ச்சி என்ற சொல்லை நான் முதன்முதலில் படித்தது ஒரு தமிழ் நாளிதழின் முதல் பக்கத்தில், அவர்மீதான வழக்குச் செய்தியாக. எனக்குள் இருந்த ஒன்றுக்கு எனக்குக் கிடைத்த முதல் பெயரே குற்றப்பத்திரிகையிலிருந்து வந்தது. 2000-இல் ஒன்பதாண்டுச் சிறை, 2004-இல் அத்தீர்ப்பு ரத்து, 2008-இல் இரண்டாவது குற்றச்சாட்டு, 2015-இல் கூட்டரசு நீதிமன்றம் உறுதி செய்த ஐந்தாண்டுச் சிறை, 2018-இல் மாமன்னரின் மன்னிப்பு, 2022-இல் பிரதமர் பதவி என்று அந்த வழக்குகள் ஒரு தலைமுறைக் காலம் நாட்டின் அரசியலோடு ஓடின. அவர் தொடக்கம் முதல் குற்றச்சாட்டை மறுத்து, அரசியல் சதி என்றே சொல்லி வந்தார். அவருக்கு ஆதரவாகப் பேசியவர்களும் எதிராகப் பேசியவர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: இது ஓர் ஆள்மீது வைக்கத்தக்க மிகப் பெரிய இழுக்கு என்பதில். 2008 மார்ச்சில், 1974 முதல் சுங்கை சிப்புட் தொகுதியைக் கையில் வைத்திருந்த மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் சாமிவேலு, டாக்டர் மைக்கேல் ஜெயக்குமாரிடம் தோற்றபோது எங்கள் ஒட்டுக்கடையில் சொந்தச் செலவில் தேநீர் வாங்கிக் கொடுத்தவர்களே, சில மாதங்களில் இரண்டாவது வழக்கு வந்ததும் அதே மேசையில் உட்கார்ந்து எங்களைப் பற்றிய நகைச்சுவைகளைப் பரிமாறிக்கொண்டார்கள். இதை நான் எந்தப் பெயரில் எழுதுவது?

2023 மே மாதத்தில், எங்கள் அடையாளமாகப் பார்க்கப்படும் வானவில் வண்ணக் கடிகாரங்கள் பறிமுதல் செய்யப்பட்டபோதும் இதே கேள்விதான். கடைகளில் 172 ஸ்வாட்ச் கடிகாரங்கள் பிடிக்கப்பட்டன. அவற்றைத் தடை செய்யும் ஆணை ஆகஸ்டில்தான் வந்தது. 2024 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவற்றைத் திருப்பித் தரச் சொன்னது. அதற்குள் நான் ஒரே பெயருக்கு மாறிவிட்டிருந்ததால், ஆணை வருவதற்கு முன்பே எப்படிப் பிடித்தார்கள் என்ற சட்டக் கேள்வியையும், எங்களில் ஒருவர் கைக்கடிகாரத்தின் வாரை அவசரமாகக் கறுப்பு வாராக மாற்றிக்கொண்டதையும் ஒரே கட்டுரையில் எழுத முடிந்தது. பழைய ஏற்பாட்டில் இருந்திருந்தால் அதை இரண்டாகப் பிளந்து, ஒன்றில் உயிரையும் மற்றொன்றில் அறிவையும் விட்டுவிட்டிருப்பேன்.

இருப்பினும் நான் இரட்டைப் பெயரைக் கைவிட்டதற்கு அது காரணமில்லை. என்னைத் தொடக்கப் பள்ளியில் படிப்பித்த ஆசிரியர் ஒருவர், ஓய்வு பெற்றவர், ஒரு நாள் காலை பசியாறிக்கொண்டிருந்த என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். பொதுவான விசாரிப்புகள் முடிந்ததும், குரலைத் தாழ்த்தி, “தம்பி, அந்தப் பேர்ல எழுதுறதும் நீதானே?” என்று கேட்டார். நான் விழித்தேன். “ஆனபடியால், ஆனபடியால்னு பத்திக்கு ஒரு தடவை எழுதாதேன்னு அஞ்சாம் ஆண்டுலயே சொன்னேன்” என்றார் அவர். இரண்டு பெயர்களிலும் அதே சொல். இரண்டு பெயர்களிலும், தேர்த் திருவிழா அன்று மழையில் சக்கரம் சேற்றில் புதைந்த அதே நிகழ்ச்சி. திறமையான ஒருவர் கண்டுபிடித்ததில் வியப்பில்லை. அவர் என்னை வெறுக்கவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. எழுந்து போகும்போது சொன்ன ஒரு வாக்கியம்தான் என்னை உலுக்கியது: “அப்போ அந்த எண்ணெய் ஆலைத் தராசுல வேலை பார்க்கிற பையன்… சரி, விடு.”

அந்தப் பையனைப் பற்றி நான் எழுதியிருந்தேன். பெயர் மாற்றியிருந்தேன், வயதைக் கூட்டியிருந்தேன், வேலையை மட்டும் அப்படியே விட்டிருந்தேன். எழுதியவர் யார் என்று தெரியாதவரை அவன் நாட்டிலுள்ள செம்பனை ஆலைகளில் ஏதோ ஒன்றின் ஊழியன். எழுதியது நான் என்று தெரிந்த மறுகணம் அவன் எங்கள் ஊர் ஆலையின், ஒரே ஒரு தராசின், ஒரே ஓர் இளைஞன் ஆகிவிட்டான். (வாசகர்கள் இந்த ஆலையைத் தேட வேண்டாம், இங்கே நான் சொல்லும் வேலையும் மாற்றப்பட்டதுதான்.)

இந்த ஒப்பீட்டில் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது இந்தக் காரணத்தைத்தான். தோட்டப்புறத்தில் பெயர் என்பது ஒரு முகவரி. இன்னார் மகன், இன்ன லயத்திலிருந்து வந்தவன், இன்னாரோடு பந்து விளையாடுகிறவன், சனிக்கிழமை மாலை இன்னார் வண்டியில் ஈப்போவுக்குப் போகிறவன் என்று, என் பெயரைக் கேட்டவுடன் என்னைச் சுற்றியுள்ள பத்துப் பேரும் கூடவே வந்து நின்றுவிடுவார்கள். கோலாலம்பூர் நண்பர் தம் பெயரை வெளியிடும்போது தம்மை மட்டுமே வெளியிடுகிறார். அவருடைய நண்பர்கள் நகரத்தின் கூட்டத்தில் கரைந்துவிடுகிறார்கள். நான் என் பெயரை வெளியிட்டால், எங்களுக்குள் “நம்ம ஆளு” என்று மட்டுமே சொல்லிக்கொள்ளும் ஆறு பேரை அவர்களைக் கேட்காமலே வெளியிட்டவன் ஆவேன். அவர்களில் ஒருவர் தமிழ் முஸ்லிம். எங்களுக்குத் தண்டனைச் சட்டத் தொகுப்பின் 377ஏ, 377பி பிரிவுகள். இருபதாண்டு வரை சிறையும் பிரம்படியும். அவருக்கு அதோடு மாநில ஷரியா சட்டமும் சேர்ந்துகொள்கிறது. என் துணிச்சலுக்கு அவர் விலை கொடுப்பதில் எந்த நியாயமும் இல்லை.

அதே சமயம், புனைபெயரைச் சும்மா வைத்திருக்க முடியாது. அது பராமரிப்புக் கேட்கும் பொருள். சொற்பழக்கத்தை மாற்ற வேண்டும் (“ஆனபடியால்” என்னை விட்டுப் போக ஓராண்டு பிடித்தது). நடந்த நிகழ்ச்சியை உடனே எழுதாமல் ஆறு மாதமாவது ஆறப்போட வேண்டும். ரயில் பாதைக்குப் பின்னால் சுண்ணாம்புக் குன்று தெரியும்படி எடுத்த படத்தைச் சேர்க்கக் கூடாது; அந்தக் குன்றின் வளைவை வைத்தே ஊரைச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். யாரைப் பற்றி எழுதினாலும் வெளியிடுவதற்கு முன் அவரிடம் காட்டியாக வேண்டும். அவர் வேண்டாம் என்றால் கட்டுரை இல்லை.

சட்டத்தின் முன் புனைபெயர் ஒரு மறைப்பே இல்லை என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. இங்கே அடையாள அட்டை காட்டாமல் கைப்பேசி எண் வாங்க முடியாது. 1998-ஆம் ஆண்டின் தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவு, பிறரைத் தொந்தரவு செய்யும் நோக்கத்தோடு அனுப்பும் செய்தியைப் பற்றிப் பேசும்போது, அனுப்பியவர் அடையாளத்தை வெளிப்படுத்தினாலும் வெளிப்படுத்தாவிட்டாலும் என்றே சொல்கிறது. அதைவிட நம்மில் பலர் கவனிக்காதது, 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவு. ஒரு வெளியீட்டில் யாருடைய பெயரோ, படமோ, புனைபெயரோ உரிமையாளராகவோ ஆசிரியராகவோ தோன்றுகிறதோ அவரே வெளியிட்டார் என்று, மறுத்து நிரூபிக்கப்படும்வரை, கொள்ளப்படும். அதே பிரிவு, எந்த இணைய இணைப்பிலிருந்து அது வெளிவந்ததோ அந்த இணைப்பின் சந்தாதாரர்மீதும் அதே அனுமானத்தை வைக்கிறது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டு இணைப்பு என் அக்காள் கணவர் பெயரில் இருந்தது. நான் இன்ன ஆள் என்பதே தெரியாத, தெரிந்திருந்தால் என்னோடு பேசியிருப்பாரா என்று சொல்ல முடியாத மாமா, என் கட்டுரைகளுக்கெல்லாம் சட்டப்படி முதல் சந்தேக நபராக ஆறு ஆண்டுகள் இருந்திருக்கிறார். மறுவாரமே, “மாமா, பில்லை இனிமே நானே கட்டுறேன்” என்று சொல்லி இணைப்பை என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். அவர் மிகவும் மகிழ்ந்தார். தம்பிக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அக்காளிடம் சொன்னாராம்.

என்னை இதுவரை எந்த அதிகாரியும் அழைத்து விசாரித்ததில்லை. எனவே இந்தப் பிரிவுகள் நடைமுறையில் எப்படிப் பாயும் என்பதை அனுபவத்தால் சொல்லும் தகுதி எனக்கில்லை.

பணத்தைப் பொறுத்தவரை புனைபெயருக்குத் தோல்விதான். ஒரு கட்டுரைப் போட்டியில் எனக்குக் கிடைத்த முந்நூறு வெள்ளிப் பரிசுக்கு அடையாள அட்டை நகல் கேட்டார்கள். பரிசை அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். நம்பகத்தன்மையில், நான் பயந்த அளவுக்கு இழப்பு இல்லை. மொட்டைக் கடுதாசிக்கும் புனைபெயருக்கும் உள்ள வேறுபாட்டை வாசகர்கள் மெல்லப் புரிந்துகொண்டார்கள்: மொட்டைக் கடுதாசி எழுதியவனிடம் மறுநாள் கேள்வி கேட்க முடியாது. ஒரே புனைபெயரில் நான்கு ஆண்டுகளாக எழுதி, தவறு நேர்ந்தபோது அதே பெயரில் திருத்தமும் வெளியிட்டவனிடம் கேட்க முடியும், கேட்கிறார்கள். மேலும், புனைபெயரிலிருந்து சொந்தப் பெயருக்கு என்றைக்கு வேண்டுமானாலும் மாறலாம். சொந்தப் பெயரை ஒரு முறை போட்டுவிட்டால் திரும்பி வர வழியில்லை. என் நண்பர்கள் இடம் மாறியோ மனம் மாறியோ, போடு என்று சொல்லும் நாள் வந்தால் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன்.

சொந்தப் பெயரே பொருந்தும் சிலரும் இருக்கிறார்கள். திருநங்கையரில் பலருக்கு ஊரார் பார்வையிலிருந்து ஒளிந்துகொள்ளும் வாய்ப்பே இல்லை. நடந்து போனாலே எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறபோது புனைபெயர் அவர்களுக்கு எதைக் காக்கும் என்பது எனக்குத் தெளிவாகவில்லை, அதை அவர்களில் ஒருவர் எழுதினால்தான் சரியாக இருக்கும். தொழிற்சங்கத்திலோ கட்சிக் கிளையிலோ பொறுப்புக்குப் போட்டியிட எண்ணுகிறவரும் புனைபெயரை நாடக் கூடாது. பின்னால் தெரியவந்தால், எழுதியதைவிட மறைத்ததே பெரிய பேச்சாகும். அவர்கள் சொந்தப் பெயரில் எழுதட்டும், தம்மைப் பற்றி மட்டும் எழுதட்டும்; தராசில் வேலை பார்க்கும் பையன்களைக் கட்டுரைக்குள் கொண்டுவராமல் இருந்தால் போதும்.