டயாலிசிஸுக்குப் போய்வர வாடிக்கை ஆட்டோவா, செயலியா, டவுன் பஸ்ஸா?

அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அம்மாபேட்டையிலிருந்து ஐந்து ரோடு பக்கம் போய்வர வேண்டும். வேலை நாட்களில் என்னால் கூடப் போக முடியாது. அதனால் எந்த வண்டி என்பதைவிட, அம்மாவை யாரை நம்பி அனுப்புவது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. சேலத்தில் இதே நிலையில் இருக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

டவுன் பஸ்ஸை முதலில் முடித்துவிடலாம். 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. போகும்போது சரி. ஆனால் நாலு மணி நேரம் டயாலிசிஸ் முடித்து எழுந்தால் பலருக்கு பிரஷர் இறங்கித் தலை சுற்றும். அந்த உடம்போடு பஸ் படி ஏறச் சொல்ல எனக்கு மனம் வராது.

போனில் ஆட்டோ கூப்பிடும் செயலியில் கட்டணம் முன்னாடியே தெரிந்துவிடும். வண்டி நம்பர் வரும், வண்டி எந்த ரோட்டில் போகிறது என்று ஆபீஸிலிருந்தே பார்க்கலாம். முன்பின் தெரியாதவரை நம்ப இது பெரிய பலம். சிக்கல் திரும்பும்போதுதான். டயாலிசிஸ் முடிந்த கையோடு கிளம்பிவிட முடியாது. ஊசி எடுத்த இடத்தை அழுத்திப் பிடித்து ரத்தம் நிற்க வேண்டும். ஒரு நாள் பத்து நிமிடம், இன்னொரு நாள் அரை மணி. வண்டியை முன்னாடியே கூப்பிட்டால் ஓட்டுநர் வாசலில் காத்துக் கிடந்து கேன்சல் செய்வார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் அடுத்த சவாரி இருக்கிறது. அம்மா வெளியே வந்த பிறகு கூப்பிட்டால், வண்டி வரும்வரை உட்கார இடம் தேட வேண்டும்.

எங்கள் வாடிக்கை ஆட்டோக்காரர் நர்ஸிடமே கேட்டுக்கொள்வார், "இன்னும் எவ்வளவு நேரமாகுங்க?" என்று. அம்மாவின் இடது கையில் ஃபிஸ்டுலா இருக்கிறது, அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம். அந்தக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, பை மாட்டக் கூடாது என்று ஒரு தடவைதான் சொன்னேன். அன்றிலிருந்து வலது கைப் பக்கமாக வந்து நின்று, "மெதுவாங்கம்மா, இதைப் புடிச்சுக்கங்க" என்று முழங்கையை நீட்டுகிறார். பையை அவரே எடுத்து வந்து திண்ணையில் வைத்துவிடுவார். ஆடிப் பண்டிகை சமயத்தில், குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை ஊர்வலம் நடக்கிற அன்று எந்த வழி அடைத்திருக்கும் என்று முந்தின நாளே சொல்லி, அரை மணி முன்னாடி வருவார்.

இதிலும் குறை உண்டு. எல்லாம் வாய்ப்பேச்சு. அவருக்குக் காய்ச்சல் என்றாலும் வண்டி ஒர்க்ஷாப்பில் நின்றாலும் நம் பாடு திண்டாட்டம். அதனால் ஆரம்பத்திலேயே மூன்றைப் பேசிவிடுங்கள்: காத்திருப்பும் சேர்த்து ஒரு நடைக்கு எவ்வளவு, கணக்கு எந்தத் தேதியில், அவர் வராத நாளில் யார் வருவார். அந்த மாற்று ஆளை ஒரு முறை நேரில் பார்த்துவிடுங்கள். நம் பக்கமும் அதே ஒழுங்கு வேண்டும். டயாலிசிஸ் நேரம் மாறினால் முதல் நாள் இரவே சொல்ல வேண்டும், பணம் சொன்ன தேதியில் போய்ச் சேர வேண்டும். டீசல் விலை ஏறினால் அவர் கேட்கும் முன் நாமே பேச்செடுப்பது நல்லது.

அம்மாவுக்கு நான் வாடிக்கை ஆட்டோவைத்தான் வைத்திருக்கிறேன், மாதச் செலவு கொஞ்சம் கூடினாலும். செயலி போனில் இருக்கிறது. ஏற்காடு எக்ஸ்பிரஸில் விடிவதற்கு முன் ஜங்ஷனில் வந்து இறங்கும் தம்பிக்கு அது போதும்.