‘ஓவியருக்கான பணத்தையும் சேர்த்து அனுப்புகிறோம்’ என்று யாராவது சொன்னால் உஷார்

போன வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. 64 பக்கக் கையேடு ஒன்றை வடிவமைத்துத் தர வேண்டும், அவசரம் ஒன்றும் இல்லை, கட்டணத்தை முன்கூட்டியே தந்துவிடுகிறோம் என்று பணிவாக எழுதியிருந்தார்கள். இணைப்பைத் திறந்தேன். 11ஆம் பக்கத்தில் ஓர் அட்டவணை. அதன் கடைசிப் பத்தி பாதியில் வெட்டுப்பட்டு அடுத்த பக்கத்துக்கு ஓடியிருந்தது. அந்த அட்டவணையை எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்றரை வருடத்துக்கு முன்பு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து அதைச் சரிசெய்தது நான்தான். அனுப்பியவர் பெயர் வேறு, நிறுவனத்தின் பெயர் வேறு. கோப்பு மட்டும் அதே கோப்பு.

அவமானமாக இருந்ததால் இத்தனை நாள் இதை எழுதாமல் இருந்தேன். இன்னும் அதே தூண்டிலைப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் வீட்டிலிருந்தபடியே பக்க வடிவமைப்பு செய்கிறேன். பாதிக்கு மேல் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள். அவர்களிடம் பணம் வாங்க இணையக் கட்டண நிறுவனம் ஒன்றில் கணக்கு வைத்திருந்தேன். இன்வாய்ஸ் அனுப்பினால் அவர்கள் கார்டில் கட்டுவார்கள், பணம் என் பேலன்ஸில் வந்து நிற்கும், அங்கிருந்து வங்கிக்கு மாற்றிக்கொள்வேன். நான்கு வருடம் ஒரு பிசகும் இல்லை.

அந்த வாடிக்கையாளரும் மற்றவர்களைப் போலத்தான் வந்தார். பேரம் பேசவில்லை. (இப்போது யோசித்தால் அதுவே ஒரு மணியடிப்பு. பேரம் பேசாத வாடிக்கையாளரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை.) இன்வாய்ஸ் அனுப்பப் போகும்போது ஓர் உதவி கேட்டார். கையேட்டுக்கான படங்களை ஓர் ஓவியர் வரைகிறாராம். அவரிடம் கார்டு வாங்கும் வசதி இல்லையாம். “அவருக்குச் சேர வேண்டியதையும் உங்கள் இன்வாய்ஸிலேயே சேர்த்துவிடுங்கள். மொத்தமாகக் கட்டிவிடுகிறேன். நீங்கள் உங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அவருடைய வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட முடியுமா? கமிஷனுக்கும் சேர்த்தே தருகிறேன்.”

சரி என்றேன். பாவம், கணக்கு வழக்கு தெரியாத ஓவியர் யாரோ என்று நினைத்தேன். என் கட்டணத்தைப் போல மூன்று மடங்கு ஓவியருக்கு. பணம் மறுநாளே வந்தது. பச்சை எழுத்தில் ‘நிறைவடைந்தது’ என்று காட்டியது. வங்கிக்கு மாற்றி, ஓவியரின் பங்கை அனுப்பிவிட்டு, அட்டவணையைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். முடித்த கோப்பை அனுப்பியபோது “அற்புதம், மிக்க நன்றி” என்று பதில் வந்தது. அவரிடமிருந்து வந்த கடைசிக் கடிதம் அதுதான்.

71ஆம் நாள் காலையில் செயலியைத் திறந்தேன். பேலன்ஸுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. ஏதோ திரைக்கோளாறு என்று நினைத்து விரலால் துடைத்துப் பார்த்தேன், சத்தியமாக. கழித்தல் குறி. என் பங்கு, ஓவியரின் பங்கு, அதற்கு மேல் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தைக் கார்டு வங்கி திரும்ப இழுப்பது) கட்டணம் என்று ஒரு தொகை, எல்லாம் சேர்த்து என் பேரில் கடன். கீழே ஒரே வரி: அட்டையின் உரிமையாளர் இந்தப் பரிவர்த்தனையைத் தாம் செய்யவில்லை என்று முறையிட்டிருக்கிறார்.

அதாவது கார்டு திருட்டுக் கார்டு. அதன் உண்மையான சொந்தக்காரர் எங்கேயோ தன் மாதக் கணக்கைப் பார்த்துப் பதறி வங்கிக்குப் போன் செய்திருக்கிறார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஓவியர் என்று ஒருவர் இருந்ததே இல்லை. திருட்டுக் கார்டில் இருக்கும் பணத்தை நேராக எடுக்க வழியில்லாதவன், அதை என் வழியாகக் கழுவி எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். 64 பக்கக் கையேடு யாருக்கும் தேவைப்படவில்லை. நான் விடிய விடியச் சரிசெய்த அட்டவணையை யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இது வரைக்கும் திருடனின் கதை. அடுத்தது நிறுவனத்தின் கதை.

முறையீட்டுக்குப் பதில் சொல்ல எனக்குப் பத்து நாள் கொடுத்தார்கள். கடிதப் போக்குவரத்து, இன்வாய்ஸ், முடித்த கோப்பு, ஓவியருக்குப் பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் திரட்டி வைத்துக்கொண்டு படிவத்தைத் திறந்தால், முதல் கட்டமே ‘கூரியர் நிறுவனத்தின் பெயர்’. இரண்டாவது கட்டம் ‘டிராக்கிங் எண்’. இரண்டும் கட்டாயம், நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. மின்னஞ்சலில் போன கோப்புக்கு எந்தக் கூரியரைச் சொல்வது? கஸ்டமர் கேருக்கு எழுதினேன். டிராக்கிங் எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது என்று படம் போட்டு விளக்கும் பக்கத்துக்கு இணைப்பு அனுப்பினார்கள். மறுபடி எழுதினேன், பௌதிகமான பொருள் எதுவும் இல்லை, கோப்புதான் என்று. வேறொருவர் பெயரில் அதே இணைப்பு வந்தது. கடைசியில் கூரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மின்னஞ்சல்’ என்றும், எண்ணுக்குப் பதிலாக அனுப்பிய தேதியையும் போட்டு அனுப்பினேன். ஆறாம் நாள் தீர்ப்பு வந்தது: சமர்ப்பித்த ஆதாரம் போதுமானதல்ல. அடுத்த வரியில், கடனைத் தீர்க்கும் வரை கணக்கு முடக்கம். வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் அந்த வாரம் கட்டிய பணமும் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டது.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கீழே பேபாலைப் பற்றி நிறையச் சொல்கிறேன், அதனால் முன்கூட்டியே ஒன்று: என் கணக்கு இருந்தது பேபாலில் அல்ல. இணையக் கட்டணத் தொழிலுக்கே தாத்தா அது என்பதால்தான் அதன் கதைக்குப் போகிறேன். கணக்கு முடங்கிக் கிடந்த நாட்களில் கோபத்தில் உட்கார்ந்து படித்ததில், என் தலையில் விழுந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்பது கொஞ்சம் பிடிபட்டது.

1998 டிசம்பரில் ஃபீல்ட்லிங்க் என்ற பெயரில் பேபால் தொடங்கியது, சீக்கிரமே கான்ஃபினிட்டி என்று பெயர் மாற்றிக்கொண்டது. மேக்ஸ் லெவ்சின், பீட்டர் தீல், லூக் நோசெக் ஆகியோர் நிறுவனர்கள். அப்போது பிரபலமாக இருந்த பாம் பைலட் என்னும் கையடக்கக் கருவிகளுக்கிடையே அகச்சிவப்புக் கதிர் வழியாகப் பணம் அனுப்புவதுதான் அவர்களுடைய யோசனை. 2000 மார்ச்சில் ஈலான் மஸ்க்கின் எக்ஸ்.காம் என்ற இணைய வங்கி நிறுவனத்தோடு இணைந்தார்கள், 2001இல் பேபால் என்ற பெயரே நிறுவனத்தின் பெயரானது. பாம் பைலட்டை யாரும் சீண்டவில்லை. மின்னஞ்சல் முகவரிக்குப் பணம் அனுப்பும் வசதியைத்தான் ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள், அதிலும் ஈபே ஏலத்தளத்தில் வாங்கி விற்பவர்கள். ஈபேயிடம் பில்பாயிண்ட் என்று சொந்தமாகவே ஒரு கட்டணச் சேவை இருந்தும் வியாபாரிகள் பேபாலைத்தான் கேட்டார்கள். முடிவில் 2002இல் ஈபேயே 150 கோடி டாலருக்கு அதை வாங்கிப் போட்டது. 2015இல் இரண்டும் பிரிந்தன. இந்த வாங்கல் விற்றல் கதையெல்லாம் நமக்கு அவ்வளவு முக்கியமில்லை.

நமக்கு முக்கியம் திருட்டுக் கதை. ஆரம்பத்தில் சேருபவருக்கு 10 டாலர், சேர்த்துவிடுபவருக்கு 10 டாலர் என்று அள்ளிக் கொடுத்தார்கள். அதைப் பறிக்க நிரல் எழுதி ஆயிரக்கணக்கில் போலிக் கணக்குகளைத் தொடங்கினார்கள் சிலர். அதைத் தடுக்கத்தான் கோணல்மாணலான எழுத்துகளைப் படித்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் பரிசோதனையை வைத்தார்கள், வணிகத்தில் கேப்ட்சாவைப் பயன்படுத்திய முதல் சிலரில் அவர்களும் உண்டு. வங்கிக் கணக்கை இணைக்கும்போது சில்லறையாக இரண்டு தொகைகளைப் போட்டு, எவ்வளவு வந்தது என்று திருப்பிக் கேட்பார்களே, அந்த வித்தையும் அங்கே பிறந்ததுதான். திருட்டுக் கார்டுகளை வைத்து விளையாடிய ஒருவன் இகோர் என்ற பெயரில் அவர்களைக் கேலி செய்துகொண்டே இருந்தான். அந்த மாதிரி ஆட்களைப் பிடிக்க லெவ்சின் எழுதிய மென்பொருளுக்கு அவன் பெயரையே வைத்தார்கள்.

இதையெல்லாம் படித்தபோது ஒன்று உறைத்தது. இந்த அமைப்பு முழுவதும் ஏலத்தில் பொருள் வாங்குகிறவரின் பயத்தைச் சுற்றிக் கட்டப்பட்டது. முகம் தெரியாத ஒருவருக்குப் பணம் அனுப்புகிறோமே, பொருள் வருமா என்ற பயம். அந்தப் பயத்தைப் போக்கினால்தான் வியாபாரம் நடக்கும். விற்பவருக்கும் பாதுகாப்பு உண்டு, ஆனால் அது பொட்டலம் கட்டி அனுப்பும் விற்பனையாளரை மனத்தில் வைத்து எழுதியது. டிராக்கிங் எண்ணை ஏன் அப்படிக் கேட்டார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. என்னைப் போல உழைப்பைக் கோப்பாக்கி அனுப்புகிறவர் அந்தப் படிவத்தை எழுதியவரின் கற்பனையிலேயே இல்லை. என் நிறுவனத்தின் விதிமுறைகளில் 40 பக்கத்துக்கு அப்பால் அது எழுதியும் இருந்தது: விற்பனையாளர் பாதுகாப்பு பௌதிகப் பொருள்களுக்கு மட்டும். நான்கு வருடத்தில் ஒரு முறையாவது படித்திருக்கலாம், படிக்கவில்லை.

இன்னொன்று, சார்ஜ்பேக் என்பது கட்டண நிறுவனத்தின் கையிலும் இல்லை. அமெரிக்காவில் 1970இல் வந்த ஒரு சட்டம் கிரெடிட் கார்டு திருட்டுப் போனால் சொந்தக்காரரின் பொறுப்பு அதிகபட்சம் 50 டாலர்தான் என்கிறது. மீதியை யாராவது தாங்கியாக வேண்டும் அல்லவா? கார்டு கொடுத்த வங்கி பணத்தைத் திரும்ப இழுக்கும், கட்டண நிறுவனம் அதை நம் தலையில் இறக்கும். பொதுவாக 120 நாள் வரை இப்படி இழுக்க அவகாசம் உண்டு. பேபாலில் வாங்கியவர் நேராகப் புகார் தொடுக்க 180 நாள். பச்சை எழுத்தில் ‘நிறைவடைந்தது’ என்று வருவதற்கு, பணம் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது என்று மட்டும்தான் பொருள். திரும்பிப் போகாது என்று அது சொல்லவே இல்லை.

அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: கூடுதலாக வந்த பணத்தை வேறு எந்த வழியிலும் அனுப்பாதீர்கள். ஓவியருக்கு, மொழிபெயர்ப்பாளருக்கு, லாரிக்காரருக்கு, தவறுதலாக ஒரு சைபர் கூடப் போட்டுவிட்டேன், காரணம் எதுவாக இருந்தாலும் சரி. அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் உள்ளே ‘ரீஃபண்ட்’ பொத்தான் இருக்கும். முழுத் தொகையையோ ஒரு பகுதியையோ அங்கிருந்து திருப்பினால் அது வந்த கார்டுக்கே போகும், திருடன் கைக்குப் போகாது. நேர்மையான வாடிக்கையாளர் அதற்கு மறுப்பே சொல்ல மாட்டார். திருடன் மட்டும்தான் கெஞ்சுவான், அவசரப்படுத்துவான், அப்புறம் மிரட்டுவான்.

இதற்கு நேர்மாறான வலையும் உண்டு. பொருள் விற்கிறேன் என்பவன், “கமிஷன் மிச்சமாகும், நண்பருக்கு அனுப்புவது போல அனுப்புங்கள்” என்பான். பேபாலில் நண்பர்கள், குடும்பத்தினருக்கு அனுப்பும் வகையில் கட்டிய பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. என் தோழி ஒருத்தி அப்படி ஒரு கேமராவுக்குக் கட்டினாள். கேமராவும் வரவில்லை, புகார் கொடுக்கவும் வழி இருக்கவில்லை.

என் கடனை மூன்று தவணையில் கட்டி முடித்தேன். முடங்கிய பணம் அதற்கு அப்புறம் வந்தது. அந்தக் கணக்கை மூடிவிட்டு, இப்போது புது வாடிக்கையாளர் என்றால் அவருடைய நிறுவனத்தின் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பச் சொல்கிறேன். சிலர் அதனாலேயே போய்விடுகிறார்கள், நஷ்டம்தான்.

போன வாரம் வந்தவருக்கும் அதையே எழுதினேன். பத்து நிமிடத்தில் பதில்: எங்கள் கணக்காளர் கார்டில் மட்டும்தான் கட்டுவார், தவிர ஓவியர் ஒருவருக்கும் கொஞ்சம் பணம் சேர வேண்டியிருக்கிறது. 11ஆம் பக்க அட்டவணையை ஏற்கெனவே சரிசெய்து அனுப்பிவிட்டேன், உங்கள் பழைய கடிதங்களில் தேடிப் பாருங்கள் என்று எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை.