சர்டிபிகேட்டுக்குப் போனோம், சோத்து அண்டாவைப் பத்திக் கத்துக்கிட்டு வந்தோம்

கிருஷ்ணகிரியில சின்னதா மெஸ் நடத்துறேன். சாப்பாட்டுக் கடையில வேலை செய்யிற 25 பேருக்கு, உணவுப் பாதுகாப்புப் பயிற்சி பெற்ற சூப்பர்வைசர் ஒருத்தர் இருக்கணும்ங்கிறது மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கணக்கு. எங்க கடைக்கு ஒரு ஆளே போதும். ஆனாலும் பரோட்டா மாஸ்டரையும் பாத்திரம் கழுவுற அக்காவையும் கூட்டிட்டுப் போனேன். அடுப்புக்கிட்ட நிக்கிறது அவங்கதானே, கல்லால உக்கார்ற நான் கத்துக்கிட்டு என்ன ஆகப் போகுது?

ஒரு தனியார் ஏஜென்சி நடத்துன நாலு மணி நேர பேசிக் வகுப்பு. முதல் ஒரு மணி நேரம் வீண். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம், லைசென்ஸ் வகை, எல்லாம் இங்கிலீஷ் ஸ்லைடு. அக்கா தூங்கிட்டாங்க. விடியக்காலையில எழுந்து வந்தவங்களை எப்படிக் குறை சொல்றது?

டீ குடிச்சிட்டு வந்தப்புறம்தான் வகுப்பே ஆரம்பிச்சுது. மத்தியானம் மீந்த சோத்தை என்ன பண்றீங்கன்னு பாடம் எடுத்த சார் கேட்டாரு. "அண்டாவுலயே மூடி வச்சிட்டு, ராத்திரி எலுமிச்சை சாதம் கிண்டிருவோம் சார்"னு மாஸ்டர் பட்டுனு சொல்லிட்டாரு. ஊர்ல பாதிக் கடையில நடக்கிறதுதான். அரிசியில இருக்கிற பேசில்லஸ் சீரியஸ்ங்கிற கிருமியோட வித்து, சோறு வெந்தாலும் சாகாதாம். வெதுவெதுப்புல முளைச்சுப் பெருகி விஷத்தை விட்டுடும். அதுல வாந்தி வர வைக்கிற விஷம் திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல சாப்பாடு நிக்கவே கூடாது. பெரிய அண்டாவுல ஓரம் ஆறினாலும் நடு சோறு மணிக்கணக்கா வெதுவெதுன்னே கிடக்கும். அகலத் தட்டுல மெல்லிசா பரப்பி ஆத்தி, ஃபிரிட்ஜுல வைக்கணும். மாஸ்டர் விடாம "சால்னாவும் அப்படித்தானா சார்?"னு கேட்டாரு. அப்படித்தானாம்.

பழைய எண்ணெய், நியூஸ்பேப்பர்ல பஜ்ஜி மடிக்கிறது எல்லாம் ஓட்டமா முடிஞ்சுது. எண்ணெய்க்கு இன்னும் நேரம் கொடுத்திருக்கலாம். திரும்பத் திரும்பக் காய்ச்சுறப்ப எண்ணெய்ல சேருற கழிவான போலார் பொருள் 25 சதவீதம் தாண்டினா அந்த எண்ணெயைத் தொடக்கூடாதுன்னாங்க, சரி. அதை அளக்கிற கருவியைக் கண்ணுல காட்டவே இல்லையே! கை கழுவுறது, தொப்பி, கிளவுஸ் பத்தி காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்கூழ் கம்பெனிப் பொண்ணுங்க சாரையே மிஞ்சிட்டாங்க. எக்ஸ்போர்ட் சரக்கு, அவங்களுக்கு அது தினப்படி வேலை.

சர்டிபிகேட் ரெண்டு வருஷம் செல்லும். மாஸ்டர் குத்திப் பாக்குற தெர்மாமீட்டர் ஒண்ணு கேட்டிருக்காரு, வாங்கணும். அனுப்புறதா இருந்தா சமைக்கிற ஆளை அனுப்புங்க. முன்கூட்டியே போன் பண்ணி, தமிழ்ல நடத்துவீங்களான்னு கேட்டுக்கோங்க. அஞ்சுக்கு மூணு ஸ்டார். ஸ்லைடைத் தமிழ்ல போட்டா நாலு.