தற்காலிக வேலைக்கு ஆள் எடுப்பதா, வெளியே கொடுப்பதா?

பழைய கணக்குகளையும் வாடிக்கையாளர் பதிவுகளையும் புது சாஃப்ட்வேருக்கு மாற்ற வேண்டியிருந்தது. நான்கு மாத வேலை, அப்புறம் திரும்ப வராது. யோசித்துப் பார்த்து வெளி நிறுவனம் ஒன்றிடம் கொடுத்தேன். சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி வேலைக்கு இரண்டு பேரை நிரந்தரமாக எடுத்திருந்ததால், இரண்டு வழியையும் பார்த்துவிட்டேன்.

செலவுக் கணக்கு தெரிந்ததுதான். வெளியாள் கேட்கும் தொகை சம்பளத்தைவிட அதிகமாகத் தெரியும். விடுப்பு, காப்பீடு, ஆள் தேடும் செலவு, பழக்கும் காலம் எல்லாவற்றையும் சேர்த்தால், குறுகிய வேலைக்கு அந்த வித்தியாசம் பெரும்பாலும் நிற்காது.

வேலையின் எல்லை தெளிவில்லை, வாராவாரம் மாறும் என்றால் ஊழியரே சரி. வெளியே கொடுத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிதாகப் பேரம் பேச வேண்டும். பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 1937இலேயே இதை விளக்கினார்: சந்தையில் ஆள் தேடி, விலை பேசி, ஒப்பந்தம் போடுவதற்கும் செலவு உண்டு, அதனால்தான் நிறுவனங்கள் சில வேலைகளை உள்ளேயே வைத்துக்கொள்கின்றன. எங்கள் வேலையில் எந்தப் பதிவு, எந்த வடிவம், எந்தத் தேதி என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருந்தது.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்றுதான்: வேலை முடிந்தபின் அதை யார் பார்த்துக்கொள்வது?

ஊழியர் என்றால் விஷயம் உள்ளேயே தங்கும் என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். முதல் தடவை வேலை முடிந்ததும் அந்த இருவருக்கும் கொடுக்க ஒன்றுமில்லை. ஒருவர் தானாகவே வேறு இடம் பார்த்துக்கொண்டார். இன்னொருவரை நானே கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. நிரந்தரம் என்று நம்பி வந்தவர், நன்றாக உழைத்தவர். அந்த நாள் இன்னும் உறுத்துகிறது. அவர்களோடு விவரமும் போய்விட்டது. கூடவே இருக்கிறார்களே என்று யாரும் எதையும் எழுதி வாங்கவில்லை.

வெளியாள் போய்விடுவார் என்பது முதல் நாளே தெரியும். அதனால் எழுதி வாங்குகிறோம். இந்தத் தடவை எங்கள் கணக்கர் ஒருவரைத் தொடக்கத்திலிருந்தே அவர்களோடு உட்கார வைத்தேன். என்ன செய்தார்கள் என்பதோடு, ஏன் அப்படிச் செய்தார்கள் என்றும் குறிப்பு எழுதச் சொன்னேன். பாஸ்வேர்டுகள், கணக்குகள் எல்லாம் எங்கள் பெயரில். எங்கள் ஆள் தனியாக ஒரு மாதக் கணக்கை முடித்துக் காட்டிய பிறகுதான் கடைசித் தவணை. மூன்று மாதம் கழித்துச் சில பழைய பாக்கிகள் புது சாஃப்ட்வேரில் இரண்டு முறை பதிவாகியிருந்தது தெரிந்தது. ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு எண் இருந்ததை எப்படிக் கையாண்டார்கள் என்று குறிப்பில் இருந்தது. கணக்கரே அரை நாளில் சரிசெய்துவிட்டார்.

உரிமையையும் எழுதி வாங்குங்கள். பல நாடுகளில் ஊழியர் செய்தது முதலாளிக்குச் சேரும். வெளியாள் படைத்தது, எழுதித் தராதவரை அவருடையது. 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஜேம்ஸ் ஏர்ல் ரீட் என்ற சிற்பியின் வழக்கில், அவர் ஊழியர் அல்ல, எனவே சிலையின் பதிப்புரிமை செய்யச் சொன்ன அமைப்புக்குத் தானாகச் சேராது என்றது. சிலைக்குச் சொன்னது சாஃப்ட்வேருக்கும் பொருந்தும்.

ஒரு வருடத்தைத் தாண்டும் வேலையை நான் வெளியே கொடுத்ததில்லை, அதனால் இதையெல்லாம் அதற்கும் நீட்டிச் சொல்ல மாட்டேன். அவ்வளவு காலம் நம் இடத்தில், நம் நேரப்படி, நம் மேற்பார்வையில் ஒருவர் உழைத்தால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் பல நாடுகளின் சட்டம் அவரை ஊழியராகவே பார்க்கக்கூடும். அப்படிப்பட்டவரை ஊழியராகவே எடுத்துவிடுவதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.