அகிரா பெட்டித் தொகுப்பு: ஆறு வருடம் வைத்திருந்த பிறகு

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். "அகிரா பெட்டி விலை இறங்கியிருக்கு, வாங்கலாமா?" அப்போதுதான் மூன்றாம் தொகுதியை பைண்டிங் கடையிலிருந்து வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். உடனே பதில் சொல்ல முடியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தது இதுதான்.

கதை தெரிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். கட்சுஹிரோ ஓட்டோமோ 1982 டிசம்பரில் 'யங் மேகசின்' இதழில் தொடங்கி 1990 ஜூனில் முடித்த மங்காத் தொடர், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதைத் தொடர், அகிரா. 120 அத்தியாயங்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள், ஆறு தொகுதிகள். என்னிடம் இருப்பது 35ஆம் ஆண்டு நிறைவுக்காக வந்த ஆங்கிலப் பதிப்பு. கெட்டி அட்டை, ஜப்பானிய மூலத்தைப் போலவே வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அச்சும் தாளும் அருமை. ஆறு வருடத்தில் கறுப்பு மை எங்கும் மங்கவில்லை. எடைதான் அதிகம். அலமாரியின் மேல்தட்டு நடுவில் வளைந்துவிட்டதால் பெட்டியைக் கீழே இறக்கி வைத்திருக்கிறேன்.

குறை ஒன்றே ஒன்று. ஆறு வருடமாக அது என்னை விடவில்லை.

இந்தப் பதிப்பில் ஓசை எழுத்துகளை மொழிபெயர்க்கவில்லை. பைக் சீறுவது, கண்ணாடி நொறுங்குவது, ஹெலிகாப்டர் இறங்குவது எல்லாம் ஓட்டோமோ கையால் வரைந்த ஜப்பானிய எழுத்திலேயே இருக்கின்றன. அர்த்தம் வேண்டுமென்றால் புத்தகத்தின் கடைசிக்குப் போக வேண்டும். அங்கே குறிப்புப் பட்டியல் இருக்கிறது. கதையின் நாயகன் கனேடா பைக்கைச் சாய்த்துத் திரும்புகிறான். படத்தின் குறுக்கே ஆளுயர எழுத்து ஒன்று பாய்கிறது. அது என்ன சத்தம்? ஒரு விரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசிக்கு ஓடி, தேடிப் பிடித்துத் திரும்பி வருவதற்குள் பைக் நின்றுவிட்டது. வேகத்துக்காகவே வரைந்த கதையை நடுநடுவே நிறுத்திப் படிப்பது என்ன படிப்பு?

நியாயமாகவும் பேச வேண்டும். பழைய ஆங்கிலப் பதிப்புகளில் ஓசைகளை ஆங்கிலமாக்கினார்கள். அதோடு இடமிருந்து வலமாகப் படிக்க வசதியாகப் படங்களையே கண்ணாடி பிம்பம்போலத் திருப்பிவிட்டார்கள். வலக்கையால் சுடுபவன் இடக்கையால் சுட்டான். 1988 முதல் அமெரிக்காவில் வண்ணத்தில் வந்த பதிப்பும் அப்படித்தான். அதற்கு ஸ்டீவ் ஆலிஃப் கணினியில் வண்ணம் கொடுத்தார். அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம், பார்க்கவும் அழகு. ஆனாலும் அது ஓட்டோமோ வரைந்த பக்கம் அல்ல. அவருடைய ஓசை எழுத்து படத்துக்கு மேல் ஒட்டிய சீட்டு அல்ல, புகையோடும் இடிபாட்டோடும் சேர்ந்தே வரைந்தது. அழித்தால் படத்தில் ஓட்டை விழும். அதனால் அழிக்காமல் விட்டது சரி. ஆனால் கட்டத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் அர்த்தம் போடலாமே? மற்ற எத்தனையோ மங்காக்களில் போடுகிறார்கள். இவ்வளவு செலவு செய்து போட்ட பதிப்பில் அதைச் செய்யாமல் விட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்றாம் தொகுதி பழுதானதும் இதனால்தான். கடைசிக்கும் நடுவுக்கும் ஓடி ஓடி முதுகு விட்டுவிட்டது. பைண்டிங் கடைக்காரர் புத்தகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எது சார் முன் அட்டை?" என்று கேட்டார். சொன்னேன். ஒரு வரியும் படிக்காமல் சில பக்கங்களைப் புரட்டியவர், நகரம் அழியும் இடத்தில் நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இதை ஒரு ஆளா வரைஞ்சாரு?" என்றார். உதவியாளர்கள் உண்டு என்றேன். அவர் நம்பிய மாதிரி தெரியவில்லை. உள்ளே காலிகோ துணி ஒட்டிக் கொடுத்தார். இப்போது புத்தகம் முன்பைவிட நன்றாக விரிகிறது.

அவர் நின்ற இடம்தான் எனக்கும் இந்தத் தொடரின் உச்சம். அந்தத் தொகுதி முழுக்கத் துரத்தல். இராணுவம், புரட்சிக் குழு, மதத் தலைவி மியாகோ அம்மையாரின் ஆட்கள் எல்லோரும், நகரத்தையே அழிக்கும் மனசக்தி கொண்ட அந்தச் சின்னப் பையன் அகிராவுக்காகத் தெருத் தெருவாக ஓடுகிறார்கள். அரசியல்வாதி நெசு அகிராவைக் குறிவைத்துச் சுடுகிறான். குண்டு அகிராவைப் போலவே மனசக்தி கொண்ட சிறுவன் தகாஷியின் தலையில் பாய்கிறது. அவ்வளவுதான், அகிராவின் சக்தி வெடிக்கிறது. அதற்குப் பிறகு பக்கம் பக்கமாக ஒருவரும் பேசுவதில்லை. வெளிச்சம் பரவுகிறது, கோபுரங்கள் சரிகின்றன. நூறு பக்கம் இரைச்சலைக் கேட்டுவிட்டு வந்தால்தான் அந்த இடத்தின் அமைதி நெஞ்சை அடைக்கும். இரைச்சலை நான் பட்டியலில் தேடிக்கொண்டிருந்தால் அமைதி எனக்கு எப்படிக் கேட்கும்?

பொறுக்க முடியாமல் மூன்றாம் வருடம், இந்த ஓசைகளை எழுதும் ஜப்பானிய எழுத்து வகையான கதகானாவைக் கற்றுக்கொண்டேன். அடிப்படை எழுத்துகள் 46தான். இரண்டு வாரம் போதும். 'ஷி'யும் 'ட்ஸு'வும் ஒரே முகமாக இருந்து படுத்தும். ஓட்டோமோவின் சாய்ந்த கோடுகளில் இன்னும் மோசம். ஆனால் பிடிபட்ட பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. 'டொடொடொ' என்று படித்ததும் காதில் 'தடதட' என்று விழுந்தது. ஜப்பானியத்தில் ஓசைச் சொற்களை இரட்டித்துச் சொல்வார்கள். ஓசையே இல்லாதவற்றுக்கும் அப்படிச் சொல் உண்டு, நாம் 'மினுமினு', 'வழவழ' என்று சொல்கிற மாதிரி. நிசப்தத்துக்குக்கூட 'ஷீன்' என்று எழுதுகிறார்கள். இரட்டைக்கிளவி கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமே இல்லை. ஆங்கிலக் குறிப்பில் ஒரே சொல்லாகச் சப்பென்று கிடந்த ஓசை, நேராகப் படித்தபோது சடசடத்தது. அன்று இரவு முதல் தொகுதியை மறுபடி எடுத்து, பைக் வரும் பக்கங்களை வாய்விட்டுப் படித்தேன்.

படம் பார்த்தாயிற்றே, புத்தகம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1988இல் படத்தை ஓட்டோமோவே இயக்கியபோது தொடர் முடியவில்லை. படத்தில் அகிரா கண்ணாடிக் குடுவைகளில் கிடக்கும் உடல் மிச்சம். புத்தகத்தில் உயிரோடு நடந்து திரியும் குழந்தை. பேரழிவுக்குப் பின்னால் வரும் மூன்று தொகுதிகளில் பெரும்பகுதி படத்தில் இல்லை.

அந்த மூன்றும் இழுவை என்று சொல்லும் வாசகர்கள் நிறையப் பேர். கனேடா காணாமல் போவதால் நான்காம் தொகுதியில் பிடிமானம் இல்லை என்கிறார்கள். முதல் தடவை எனக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போது எனக்குப் பிடித்ததே நான்காம் தொகுதிதான். இடிபாட்டில் ஒரு பக்கம் கனேடாவின் பழைய நண்பன் டெட்சுவோ அகிராவை முன்னிறுத்தி நடத்தும் பேரரசு, மறுபக்கம் மியாகோ அம்மையாரின் கோயிலில் அடைக்கலம். சோற்றுக்கு வழியில்லாதவன் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். நகரம் அழிவதைப் பல கதைகள் காட்டும். மறுநாள் காலையில் யார் சோறு போடுகிறார்கள், அதற்கு விலையாக எதைக் கேட்கிறார்கள் என்று இவ்வளவு பொறுமையாகக் காட்டிய மங்கா நான் படித்த வரையில் வேறு இல்லை. சியோகோ என்ற அந்தப் பெரிய உடம்புக்காரப் பெண்மணியைப் பற்றி யாரும் பேசாமல் இருப்பதும் எனக்கு வருத்தம். புரட்சிக் குழுவின் இளம்பெண் கேய் உயிரோடு இருப்பதற்கு எத்தனை முறை சியோகோ காரணம்!

சரி, நண்பருக்கு என்ன பதில்? இவ்வளவு சொன்ன பிறகும், வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். விலை பாதியானாலும் வேண்டாம். படிக்க வந்தவனைப் பட்டியலுக்கு அனுப்பும் பதிப்புக்கு இன்னொருவரின் பணமும் போக வேண்டியதில்லை. என் பெட்டியை எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன். அடிக்கடி வரும் ஓசைகளை ஒரு நீள அட்டையில் தமிழில் எழுதி முதல் தொகுதிக்குள் வைத்திருக்கிறேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கடைசிக்கு ஓட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறார். மூன்றாம் தொகுதியை மட்டும் அதிகம் விரிக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும், பசை இன்னும் முழுதாகக் காயவில்லை.