அம்மாவின் அறைக்காக வாங்கிய தெர்மோஸ்டாட்: ஈகோபீ பிரீமியம், ஒரு குளிர்காலம் பாவித்த பிறகு

டொராண்டோவின் ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டில் கராஜுக்கு மேலே உள்ள அறைதான் அம்மாவுடையது. ஜனவரியில் கீழே ஹாலில் தெர்மோஸ்டாட் 21 என்று காட்டிக்கொண்டிருக்கும், மேலே அம்மா கம்பளித் தொப்பியோடு படுத்திருப்பார். ஒரு நாள் சின்ன வெப்பமானி ஒன்றை அவர் கட்டிலருகே வைத்துப் பார்த்தேன். 17.5. அந்த வாரமே வாங்கியதுதான் இது. டொராண்டோ கம்பெனியின் தயாரிப்பு, வைத்த அறையின் சூட்டைத் தெர்மோஸ்டாட்டுக்குச் சொல்கிற ஒரு அறை சென்சாரும் பெட்டியிலேயே வருகிறது. எனக்கு வேண்டியதே அந்தச் சென்சார்தான்.

பழைய தெர்மோஸ்டாட் ஒழுங்காகத்தான் வேலை செய்தது, மாட்டியிருந்த இடம்தான் பிழை. சுவருக்கு அந்தப் பக்கம் குசினி. அடுப்பில் இரண்டு கறி கொதித்தாலே ஹால் சூடாகிவிடும், உடனே வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ் நின்றுவிடும். தெர்மோஸ்டாட் என்பது அடிப்படையில் ஒரு சுவிட்ச்தானே. தான் இருக்கிற இடத்தில் சூடு குறைந்தால் 24 வோல்ட் வயர் வழியாக ஃபர்னஸை எரியச் சொல்லும், வைத்த அளவு வந்ததும் நிறுத்தச் சொல்லும், மற்ற அறைகளின் நிலைமை அதற்குத் தெரியாது. குளிருகிறதென்று 26-க்கு ஏற்றினால் சீக்கிரம் சூடாகும் என்று நாங்கள் வருடக்கணக்காக நம்பினோம். எங்களுடையது ஒரே அளவில் எரிகிற ஃபர்னஸ், 21 வைத்தாலும் 26 வைத்தாலும் சுடர் அதேதான், அணைவது மட்டும் தள்ளிப்போகும். இரண்டு மணி நேரத்தில் எல்லோருக்கும் வியர்த்து, வெளியே மைனஸ் 15-ல் ஜன்னலைத் திறந்து வைத்த இரவுகள் உண்டு.

மாட்டுவதற்கு முதலில் ஒருவரைக் கூப்பிட்டேன். சுவரில் நாலு வயர்தான் இருக்கிறது, தெர்மோஸ்டாட்டுக்கு இடைவிடாமல் மின்சாரம் கொடுக்கிற சி வயர் இல்லை, புதிதாக இழுக்க இருநூறு டாலர் என்றார். அவர் போன பிறகு ஃபர்னஸ் சுவிட்சை அணைத்துவிட்டு நானே தட்டைக் கழற்றிப் பார்த்தால், ஐந்தாவதாக ஒரு நீல வயர் சுருட்டி ஓட்டைக்குள் தள்ளப்பட்டிருந்தது. பேஸ்மென்டில் அதன் மறுமுனையை ஃபர்னஸ் போர்டின் சி-யில் மாட்டினேன், சரியாகிவிட்டது. தயவுசெய்து யாருக்கும் காசு கொடுப்பதற்கு முன் அந்த ஓட்டைக்குள் பாருங்கள். ஐந்தாவது வயர் உண்மையிலேயே இல்லாத வீட்டுக்குப் பெட்டியில் பவர் எக்ஸ்டெண்டர் என்று ஒரு சிறு துண்டும் இருக்கிறது. இன்னொன்று, அந்த ஓட்டை வழியாகச் சுவருக்குள்ளிருந்து குளிர்காற்று வரும், அது தெர்மோஸ்டாட்டை ஏமாற்றிவிடும். கொஞ்சம் புட்டி வைத்து அடைத்தேன்.

சென்சாரை அம்மாவின் மேசையில், ஜன்னலுக்கும் காற்று வருகிற துவாரத்துக்கும் தள்ளி வைத்தோம். பகலில் ஹாலையும் அந்த அறையையும் சேர்த்துச் சராசரி பார்க்கிறது, இரவு பத்துக்குப் பிறகு அம்மாவின் அறையை மட்டும். முதல் இரவே அங்கே 20.5 வந்தது. காலை ஆறு மணிக்கு 21 வேண்டுமென்றால், வீடு சூடேற எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பழகிக்கொண்டு முன்கூட்டியே தொடங்குகிறது, கடுங்குளிர் நாளில் இன்னும் சீக்கிரமாக. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் ஒன்று தெரிந்து வாங்குங்கள். சென்சார் ஒரு அறைக்கு மட்டும் சூட்டை அனுப்பாது. ஃபர்னஸ் ஒன்றுதான், அம்மாவின் அறைக்காக அது கூடுதல் நேரம் எரியும்போது கீழே 23 ஆகிவிடுகிறது. கீழே இரண்டு துவாரங்களைப் பாதி மூடினேன், அதன் பிறகு 22-க்கு இறங்கியது. முழுக்க மூடாதீர்கள், ஃபர்னஸுக்கு நல்லதல்ல. எங்கள் வீட்டில் இதனால் எரிவாயு மிச்சமாகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அதற்காக வாங்கவும் இல்லை.

சுவரோரம் மின்சார பேஸ்போர்ட் ஹீட்டர் உள்ள அபார்ட்மென்டில் இருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். அது பெரும்பாலும் 240 வோல்ட், அதற்கென்று தனி வகை தெர்மோஸ்டாட் இருக்கிறது. எங்களைப் போல 24 வோல்ட் வயரில் ஓடுகிற ஃபர்னஸ் உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். அம்மாவின் தொப்பி இதை மாட்டியதிலிருந்து அலுமாரிக்குள்தான் இருக்கிறது.