எஃப்இஏ அறிக்கையில் எல்லாம் நீலம், வெல்டில் விரிசல்: ஃபேப்ரிகேஷன் தொழிலில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

துவாக்குடி, அம்பத்தூர், ஓசூர், கோவை என்று ஃபேப்ரிகேஷன் தொழில் நடக்கும் ஊர்களில் எல்லாம், டிராயிங்கோடு எஃப்இஏ (பாகத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணினியில் வலிமையைக் கணக்கிடும் முறை) அறிக்கையும் கேட்கும் வாடிக்கையாளர்கள் கூடிவிட்டார்கள். அதைச் செய்துதரும் ஆலோசனை நிறுவனங்களும் அதற்கேற்பப் பெருகிவிட்டன. அவற்றுள் ஒன்றிடம் நாங்கள் வாங்கிய அறிக்கை எப்படிப்பட்டது என்பதை, வெல்டிங் வேலை எடுக்கும் மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று இங்கே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே பாணியில் அறிக்கை தருபவர்கள் வேறு சிலரும் இருப்பதாகப் பின்னர் விசாரித்ததில் தெரிந்தது.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் கிரஷர் ஒன்றுக்கு நாங்கள் வைப்ரேட்டிங் ஸ்கிரீன் (அதிர்ந்து கல்லைச் சலிக்கும் இயந்திரம்) செய்து கொடுத்தோம். பக்கத் தகடு 10 மி.மீ. கனம், எஃகு ஐஎஸ் 2062 இ250. ஸ்பிரிங்கின் மேல் உட்காரும் பிராக்கெட்டும் அதற்கு முட்டுக் கொடுக்கும் கஸெட் தகடும் 6 மி.மீ. ஃபில்லெட் வெல்டால் (இரு தகடுகள் சேரும் மூலையில் முக்கோணமாகப் போடும் வெல்டு) பக்கத் தகட்டோடு இணைக்கப்பட்டிருந்தன. வேகம் நிமிடத்துக்கு 900 சுற்று. இவை அனைத்தும் டிராயிங்கில் இருந்தன. வெல்டு மூட்டுகளின் ஃபேட்டிக் ஆயுளை, அதாவது சுமை திரும்பத் திரும்ப மாறும்போது விரிசல் விடும் வரை அவை தாங்கும் சுழற்சிகளை, கணக்கிட வேண்டும் என்பது பர்சேஸ் ஆர்டரிலேயே எழுதப்பட்டிருந்தது. முழுத் தொகையும் 18% ஜிஎஸ்டியும் கைக்குப் போன பிறகே அறிக்கை வந்தது.

அறிக்கை பார்வைக்கு மிக நேர்த்தியாக இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படங்கள், எல்லாவற்றிலும் ஸ்கிரீன் ஏறக்குறைய முழுவதும் நீலம். முடிவில், அதிகபட்சத் தகைவு (ஓர் அலகுப் பரப்பில் வரும் விசை) 28 மெகாபாஸ்கல், எஃகின் ஈல்டு வலிமை (எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு) 250 மெகாபாஸ்கல், ஆகவே பாதுகாப்புக் காரணி 8.9, வடிவமைப்பு பாதுகாப்பானது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். ஸ்கிரீன் ஓடத் தொடங்கிய இரண்டாவது வாரத்தில் கிரஷரிலிருந்து அழைப்பு வந்தது. பராமரிப்புக் குழுவினர் புழுதியைத் துடைத்து டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் புகுந்து அதைக் காட்டும் சிவப்புச் சாயம்) போட்டுப் பார்த்திருந்தார்கள். கஸெட்டின் முனையில், வெல்டு தகட்டைத் தொட்டு முடியும் ஓரத்தை ஒட்டியே, வெள்ளை டெவலப்பரின் மேல் ஒரு சிவப்புக் கோடு வளைந்து போயிருந்தது. பிராக்கெட்டில் இருந்த கோடு வேறு மாதிரி: அது ஓரத்தில் இல்லாமல், வெல்டின் முதுகில் நீளவாக்கில் ஓடியது.

அதன் பிறகே, இந்தத் துறையில் அனுபவமுள்ள பொறியாளர் ஒருவரை உட்கார வைத்து அந்த அறிக்கையை வரி வரியாகப் படித்தோம். நீல நிறத்தின் ரகசியம் முதலில் பிடிபட்டது. வண்ணப் பட்டையின் உச்சியை 250 மெகாபாஸ்கல் என்று வைத்துவிட்டால், 60 இருக்கும் இடமும் நீலமாகவே தெரியும். வெல்டுக்கு 60 என்பது சாதாரண எண் அல்ல. நிமிடத்துக்கு 900 சுற்று என்றால் மணிக்கு 54,000 சுழற்சி. வெல்டுகளின் ஃபேட்டிக் வலிமையை ஐஐடபிள்யூ எனப்படும் சர்வதேச வெல்டிங் நிறுவனத்தின் பரிந்துரைகள் எந்த 20 லட்சம் சுழற்சியை வைத்துக் குறிக்கின்றனவோ, அதை இந்த இயந்திரம் 37 மணி நேரத்தில் தாண்டிவிடுகிறது. இப்படிப்பட்ட இயந்திரத்துக்கு ஈல்டு வலிமையை வகுத்துப் பாதுகாப்புக் காரணி சொல்வது எதற்கும் உதவாது.

அடுத்தது, அவர்கள் எடுத்த தகைவு எது என்பது. பல திசைகளில் வரும் தகைவுகளை ஒரே எண்ணாக்கும் வான் மைசஸ் தகைவைத்தான் அறிக்கை முழுவதும் கொடுத்திருந்தார்கள். அது எப்போதும் நேர்மறை எண்ணாகவே வரும். இழுவிசையா அழுத்தமா என்று அது சொல்லாது. ஸ்கிரீனோ மேலும் கீழும் ஆடுகிறது. ஒரு பக்கம் ஆடும்போது 28, மறுபக்கம் ஆடும்போதும் 28 என்றால், வெல்டு அனுபவிக்கும் வீச்சு, அதாவது ஓர் எல்லையிலிருந்து மறு எல்லை வரையான மாற்றம், 56. வெல்டு ஆறும்போது உள்ளே தங்கிவிடும் இழுவிசை ஈல்டு அளவுக்கே போகக்கூடியது என்பதால், சுழற்சியின் அழுத்தப் பாதியையும் தள்ளிவிட முடியாது. முழு வீச்சையும் கணக்கில் கொள்ள வேண்டும். வீச்சு இரு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒன்றாகக் குறையும். இது வெல்டு ஃபேட்டிக்கின் அரிச்சுவடி.

எனக்கு மிகவும் கோபம் வந்தது மூன்றாவது விஷயத்தில்தான். அறிக்கையின் ஒரு படத்தில், கஸெட்டின் முனையில் ஒரு சிறு சிவப்புப் புள்ளி இருந்தது. அதன் கீழே, இது சிங்குலாரிட்டி, பொருட்படுத்த வேண்டியதில்லை என்று ஒரு வரி. கூர்மையான மூலையில் மெஷ்ஷை, அதாவது மாடலைப் பிரிக்கும் கட்டங்களை, சிறிதாக்கச் சிறிதாக்கத் தகைவு ஏறிக்கொண்டே போகும் என்பதும், ஆகவே அந்த எண்ணுக்கு மதிப்பில்லை என்பதும் உண்மைதான். ஆனால் எண்ணோடு சேர்த்து இடத்தையும் தள்ளிவிட்டார்கள். விரிசல் விட்டது அதே இடம். ஹாட் ஸ்பாட் முறை இருப்பதே இதற்காக. வெல்டின் ஓரத்திலிருந்து தகட்டுக் கனத்தில் 0.4 மடங்கு தூரத்திலும் 1.0 மடங்கு தூரத்திலும், அதாவது 10 மி.மீ. தகட்டில் 4 மி.மீ., 10 மி.மீ. தள்ளி, பரப்பில் உள்ள தகைவை எடுத்து, முதல் எண்ணை 1.67ஆலும் இரண்டாவதை 0.67ஆலும் பெருக்கிக் கழித்தால் ஓரத்துக்கான தகைவு கிடைக்கும். அந்தப் படத்தில் மெஷ்ஷின் ஒரு கட்டமே சுமார் 20 மி.மீ. இருந்தது. 4 மி.மீ.-இல் என்ன இருக்கிறது என்று அந்த மாடலிடம் கேட்கவே முடியாது.

விரிசல் விடாத மறுபக்கத் தகட்டில் அதே இரண்டு இடங்களில் ஸ்ட்ரெயின் கேஜ் (தகடு நீள்வதையும் சுருங்குவதையும் அளக்கும் சிறு உணரி) ஒட்டி அளந்தோம். வீச்சு 62, 50 என்று வந்தது. ஓரத்துக்குக் கணக்கிட்டால் 70. இத்தகைய வெல்டுக்கு எஃப்ஏடி 90 என்ற ஐஐடபிள்யூ வளைகோட்டின்படி (20 லட்சம் சுழற்சிக்கு 90 மெகாபாஸ்கல் வீச்சு என்று பொருள்) அது சுமார் 42.5 லட்சம் சுழற்சி, அதாவது 80 மணி நேரத்துக்கும் குறைவு. நூற்றுக்கு 97.7 மூட்டுகள் தாண்டக்கூடிய ஆயுள் இது என்பதால் எங்கள் வெல்டு அதைவிடச் சற்று அதிகமாகத் தாங்கியது, அவ்வளவே. கோடி சுழற்சிக்கு மேல் ஓட வேண்டிய இயந்திரத்தில் அந்த வீச்சு 52ஐத் தாண்டியிருக்கவே கூடாது.

பிராக்கெட் வெல்டின் முதுகில் வந்த விரிசல் உள்ளே ரூட்டிலிருந்து, அதாவது வெல்டின் அடிமூலையிலிருந்து, கிளம்பியது. இரண்டு ஃபில்லெட்டுகளுக்கும் நடுவே தகடுகள் ஒட்டாமல் ஓர் இடைவெளி இருக்கும். மாடலில் தகடு முழுவதும் பாண்டட் (ஒட்டியது) என்று கொடுத்து ஒரே கட்டியாக்கிவிட்டால் அந்த இடைவெளியே காணாமல் போய்விடும். ஹாட் ஸ்பாட் முறையும் ரூட்டுக்குப் பொருந்தாது. அதற்கு வெல்டின் த்ரோட்டில் (ரூட்டிலிருந்து வெல்டின் முகப்பு வரையான மிகக் குறைந்த கனத்தில்) வரும் தகைவைத் தனியாகக் கணக்கிட்டு, எஃப்ஏடி 36 என்ற மிகக் குறைந்த வகையோடு ஒப்பிட வேண்டும். 6 மி.மீ. ஃபில்லெட்டுக்கு த்ரோட் 4.2 மி.மீ.தான். அறிக்கையில் ரூட் என்ற சொல்லே இல்லை.

இவற்றை எல்லாம் எழுதிக் கேட்டபோது, நீங்கள் தந்த தகவல்களின்படியே செய்தோம் என்று பதில் வந்தது. மாடல் கோப்பைக் கேட்டோம். அது தங்கள் அறிவுச் சொத்து என்றார்கள். பிறகு ஒரு யோசனை சொன்னார்கள்: எஃகை இன்னும் வலிமையான இ350க்கு மாற்றுங்கள், புதிய அறிக்கை தருகிறோம், அதற்குத் தனிக் கட்டணம். வெல்டு போட்டபடியே விடப்பட்ட மூட்டின் ஃபேட்டிக் வலிமை எஃகின் தரத்தைப் பொறுத்து உயராது. ஈல்டு வலிமை உயர்ந்தால் அவர்களுடைய பாதுகாப்புக் காரணி மட்டுமே உயரும். பதிலோடு இணைத்த அட்டவணையில், ஐஐடபிள்யூவின் எஃப்ஏடி 90ஐ எடுத்து, 50 லட்சம் சுழற்சியை அடிப்படையாகக் கொண்ட ஐஎஸ் 800 (எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதிமுறை) சூத்திரத்தில் போட்டிருந்தார்கள். அதனால் ஆயுள் இரண்டரை மடங்கு கூடிவிடும். பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் திருச்சியிலேயே இதை விற்க முடிகிறது.

கஸெட்டின் முனையை நீட்டி, தகைவு குறைந்த பகுதியில் முடியுமாறு மாற்றினோம். பிராக்கெட்டுக்கு பெவல் எடுத்து (விளிம்பைச் சரிவாகச் செதுக்கி), உள்ளே இடைவெளி இல்லாமல் முழுக் கனத்தையும் இணைக்கும் ஃபுல் பெனட்ரேஷன் வெல்டு போட்டோம். செலவு எங்களுடையது. அறிக்கைக்குக் கொடுத்த பணத்தைக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள பொறுப்புத் துறப்பைக் காட்டி மறுத்துவிட்டார்கள்.

இப்போது எங்கள் பர்சேஸ் ஆர்டரில் சில வரிகள் கூடுதலாக இருக்கின்றன. எந்த முறையில் தகைவு எடுக்கப்படும், எந்தப் புள்ளிகளில், வீச்சு எவ்வளவு, எத்தனை சுழற்சி என்று அறிக்கை சொல்ல வேண்டும். மெஷ்ஷைப் பாதியாக்கி மறுபடி ஓட்டிய முடிவையும் தாங்கு விசைகளின் கூட்டுத்தொகை கொடுத்த சுமையோடு பொருந்துவதையும் காட்ட வேண்டும். ரூட்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். மாடல் கோப்பைத் தந்த பிறகே பாதித் தொகை. இதைப் படித்துவிட்டு விலைப்புள்ளியைத் திரும்பப் பெற்றுக்கொண்டவர்கள் உண்டு. ஏற்றுக்கொண்டு, முதல் சந்திப்பிலேயே வெல்டு சைஸ் டிராயிங்கில் இருப்பதுதானா, ஷாப்பில் போட்டதும் அதுதானா என்று கேட்டவரிடம்தான் அடுத்த வேலையைக் கொடுத்திருக்கிறோம்.